வண்ணத்துக்கு வைக்கும் பெயர்: இடைமுக நிரலில் ஒரு தீராத சிக்கல்

எந்த இணைய உலாவியை எடுத்துக்கொண்டாலும் அதில் 'டார்க்கிரே' என்ற நிறம் 'கிரே' என்ற நிறத்தைவிட வெளிறியது. 'கிரே' என்று எழுதினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128 என்ற அளவில் கலந்த சாம்பல் கிடைக்கும். 'டார்க்கிரே' என்று எழுதினால் மூன்றும் 169. எண் கூடக்கூட நிறம் வெளுக்கும். ஆக, அடர்த்தியைச் சொல்லும் அடைமொழியைப் பெற்ற நிறம் வெளிறிக் கிடக்கிறது, அடைமொழி இல்லாதது அடர்ந்து நிற்கிறது. இதில் எந்தத் தனி நிறுவனத்தின் பிழையும் இல்லை. பெயர்கள் இரண்டு பட்டியல்களிலிருந்து வந்தன. எக்ஸ்11 சாளர அமைப்பின் பட்டியலில் 'கிரே' 190, 'டார்க்கிரே' 169. அங்கே வரிசை சரியாகவே இருந்தது. ஹெச்.டி.எம்.எல். ஏற்றுக்கொண்ட பதினாறு நிறங்களோ விண்டோஸின் பழைய பதினாறு நிறத் தொகுப்பைச் சேர்ந்தவை. அங்கே 'கிரே' 128. 2001இல் எஸ்.வி.ஜி. தரநிலை 147 பெயர்களைத் தொகுத்தபோது, மோதிய இடங்களில் ஹெச்.டி.எம்.எல். மதிப்பு நின்றது. மற்றவை எக்ஸ்11இலிருந்து அப்படியே வந்தன. 2011இல் சி.எஸ்.எஸ். வண்ணத் தரநிலையின் மூன்றாம் நிலை அந்தத் தொகுப்பை ஏற்றது. இனி அதைத் திருத்த வழியில்லை. திருத்தினால் இதுவரை எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்களின் நிறம் மாறிவிடும்.

இந்த முரண் சிறிய அளவில் ஏறக்குறைய எல்லா நிரல் குழுக்களிலும் நிகழ்கிறது. நிறத்தின் மதிப்பை ஒவ்வொரு இடத்திலும் நேரடியாக எழுதாமல், அதற்கு ஒரு பெயர் கொடுத்து அந்தப் பெயரையே எங்கும் பயன்படுத்துவதை வண்ண டோக்கன் முறை என்கிறோம். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் ஜினா ஆன் உள்ளிட்டோர் 2014 வாக்கில் 'டிசைன் டோக்கன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே நிறுவனத்தின் செயலி வலையிலும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும்போது, நிறங்களை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு எல்லாத் தளங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்கான கருவிகள் இன்று நிறையவே இருக்கின்றன. ஒரு டோக்கனின் மதிப்பை மாற்றுவது ஒரு வரி வேலை. பெயரை மாற்றுவது அப்படியல்ல. அது பயன்படுத்தப்பட்ட ஒவ்வொரு கோப்பையும் தொட வேண்டும், வேறு குழுக்களின் நிரலையும் தொட வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஒழுங்கு என்றதும் இணைப்புக்கோடா அடிக்கோடா என்ற விவாதமே பெரும்பாலும் எழுகிறது. அது அவசியம்தான், ஆனால் அடிப்படை அதுவல்ல. ஓர் அடுக்கில் உள்ள பெயர்கள் எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 'இது என்ன நிறம்?' என்பது ஒரு கேள்வி. 'இது என்ன வேலை செய்கிறது?' என்பது வேறு கேள்வி. இரண்டின் பதில்களும் ஒரே பட்டியலில் கலக்கும் இடத்தில்தான் குழப்பம் பிறக்கிறது. இதுவரை வந்த முறைகளை அந்தக் கண்ணோட்டத்திலேயே இங்கே பார்க்கிறேன்.

தோற்றத்தின் பெயர், பணியின் பெயர்

இரண்டு கேள்விகளுக்கும் பழைய மரபு உண்டு. எக்ஸ்11 பட்டியல் முழுக்கத் தோற்றப் பெயர்கள். 1989இல் விரிவாக்கப்பட்ட அந்தப் பட்டியலில் 'லெமன் ஷிஃபான்', 'பீச் பஃப்' போன்றவை சேர்ந்தன. சுவர்ப் பூச்சு நிறுவனத்தின் மாதிரி அட்டைகளும் கிரேயோலா மெழுகு வண்ணங்களும் அவற்றுக்கு மூலம். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதற்கு அப்பால் அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லை. (அந்த வரிசையில் பின்னர் சேர்ந்த ஒரு பெயர் மட்டும் தோற்றத்தையும் சொல்வதில்லை, பணியையும் சொல்வதில்லை. வலை வடிவமைப்பில் பலருக்கு ஆசானான எரிக் மேயரின் மகள் ரெபெக்கா 2014இல் தன் ஆறாவது பிறந்தநாளில் இறந்தபோது, 663399 என்ற ஊதாவுக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள்.)

பணிப் பெயரின் மரபு விண்டோஸில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே நிரலாளர் நிறத்தைக் கேட்பதில்லை. 'சாளரம்', 'சாளர எழுத்து', 'பட்டன் முகம்' என்று பணியைச் சொல்லிக் கேட்கிறார், பயனர் அமைத்து வைத்த நிறத்தை இயக்க அமைப்பு கொடுக்கிறது. இந்த ஏற்பாடு 'டோக்கன்' என்ற சொல்லுக்கு வெகுகாலம் முந்தியது. அதில் நேர்ந்த ஒரு சிக்கலும் பாடமாக இருக்கிறது. பட்டனின் முகத்துக்கு என்று பெயர் பெற்ற நிறம் விரைவிலேயே உரையாடல் பெட்டி, கருவிப் பட்டை என்று முப்பரிமாணத் தோற்றம் கொண்ட எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. அதனால் 'முப்பரிமாண முகம்' என்று இன்னொரு பெயரைச் சேர்த்தார்கள். இன்றும் அந்த இரு பெயர்களுக்கும் உள்ளே ஒரே எண்தான், 15. பணியை அளவுக்கு மீறிக் குறுக்கிப் பெயர் வைத்தால் பணி பெருகும்போது பெயர் பொய்யாகிவிடும் என்பதை அந்த இரட்டைப் பெயர் காட்டுகிறது.

1998இல் வந்த சி.எஸ்.எஸ். 2 இந்த விண்டோஸ் பெயர்களை வலைக்குள் கொண்டுவந்தது. 2011இல் அவற்றைக் கைவிட வேண்டியவை என்று தரநிலையே அறிவித்தது. ஆனால் அதிக ஒளிமாறுபாடு தேவைப்படும் பார்வைக் குறைபாடுள்ளவர்கள் தங்கள் கணினியில் அமைத்த நிறங்களை வலைப்பக்கங்கள் மதிக்க வேண்டும் என்ற தேவை மாறவில்லை. அதனால் தரநிலையின் நான்காம் நிலை அவற்றில் சிலவற்றை மீட்டெடுத்து, புதிய சிலவற்றைச் சேர்த்து, ஒரு சிறிய தொகுப்பை அமைத்தது. இம்முறை பெயர்கள் பெரும்பாலும் சோடியாக அமைந்தன: 'கேன்வஸ்', 'கேன்வஸ் டெக்ஸ்ட்'; 'பட்டன் ஃபேஸ்', 'பட்டன் டெக்ஸ்ட்'; 'ஹைலைட்', 'ஹைலைட் டெக்ஸ்ட்'. பின்னணிக்கு ஒன்று, அதன் மேல் வரும் எழுத்துக்கு ஒன்று. இந்தச் சோடி முறையைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் அதிக மதிப்புள்ளதாகத் தோன்றுவது அதுதான்.

மாறிகள் வந்த பிறகு

சி.எஸ்.எஸ்.ஸில் நெடுங்காலம் மாறிகள் இல்லை. ஒரு நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் கோப்பு முழுக்கத் தேடி மாற்ற வேண்டும். 2006இல் சாஸ், 2009இல் லெஸ் ஆகிய முன்செயலிகள் மாறிகளைக் கொடுத்தன. அப்போதுதான் எல்லோரும் நிறங்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். 'புளூ', 'கிரே-டார்க்', 'லிங்க்-கலர்' என்று கைக்கு வந்தபடி வைத்தார்கள். 2014இல் ஃபயர்ஃபாக்ஸிலும் 2016இல் குரோமிலும் சி.எஸ்.எஸ்.ஸின் சொந்த மாறிகள் வந்தன. பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிப்பை மாற்றலாம் என்பது அவற்றின் பெரிய வலிமை.

அதோடு பெரிய ஆபத்தும் வந்தது. சாஸில் இல்லாத மாறியின் பெயரை எழுதினால் தொகுப்பி பிழை காட்டி நின்றுவிடும். சாஸ் இணைப்புக்கோட்டையும் அடிக்கோட்டையும்கூட ஒன்றாகவே பார்க்கும். சி.எஸ்.எஸ். மாறிகளிடம் இந்த இரக்கம் கிடையாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கோடு எல்லாமே வேறு வேறு. பெயர் தவறினால் பிழைச் செய்தியும் வராது. எழுத்து நிறத்தின் பெயர் தவறாக இருந்தால் அந்த இடம் மேலே உள்ள பெட்டியின் எழுத்து நிறத்தைப் பெற்றுக்கொள்ளும். பின்னணி நிறத்தின் பெயர் தவறாக இருந்தால் பின்னணி ஒளிபுகுவதாகிவிடும். வெளிர்த் தோற்றத்தில், வெள்ளைப் பக்கத்தின் மேல், இரண்டும் சரியாக இருப்பதுபோலவே தெரியும். தவறு பல மாதங்கள் கழித்து, யாரோ ஒருவர் தன் கைப்பேசியை டார்க் மோடுக்கு மாற்றும்போது வெளிப்படும். எழுத்துப்பிழை மௌனமாக ஓடும் ஒரு மொழியில், பெயரை ஊகித்து எழுதினாலும் சரியாக வரும்படி அமைப்பது பாதுகாப்பு வேலை.

தோற்றப் பெயர்களை உடைத்ததும் டார்க் மோடுதான். 2018இல் ஆப்பிளின் மேக் கணினிகளிலும், 2019இல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் அது வந்தது. அதுவரை 'வைட்' என்ற மாறிக்கு வெள்ளை மதிப்பு, 'கிரே-டார்க்' என்பதற்கு அடர் சாம்பல் மதிப்பு என்று இருந்த நிரல்கள் திகைத்து நின்றன. 'வைட்' என்பதை எல்லாப் பெட்டிகளின் பின்னணிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். நீலப் பட்டனின் மேல் உள்ள எழுத்துக்கும் அதே 'வைட்'தான். இருள் தோற்றத்தில் முதலாவது கறுக்க வேண்டும், இரண்டாவது வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஒரே பெயர் இரு பணிகளைச் சுமந்ததால் மதிப்பை மாற்றிச் சமாளிக்க வழியில்லாமல் போயிற்று. சில குழுக்கள் 'வைட்' என்ற பெயருக்கே கறுப்பு மதிப்பைக் கொடுத்து வேலையை முடித்தன. அந்த நிரலைப் புதிதாக வந்து படிப்பவர் எதை நம்புவார்?

ஆப்பிள் 2019இல் ஐ.ஓ.எஸ். 13உடன் கொடுத்த பெயர்கள் இதற்கு நல்ல மறுமொழி. எழுத்துக்கு 'லேபிள்', 'செகண்டரி லேபிள்', 'டெர்ஷியரி லேபிள்', 'குவாட்டர்னரி லேபிள்'. பின்னணிக்கு 'சிஸ்டம் பேக்ரவுண்ட்', அதன் இரண்டாம், மூன்றாம் நிலைகள். பிரிகோட்டுக்கு 'செபரேட்டர்'. எதிலும் நிறம் இல்லை. 'சிஸ்டம் ரெட்', 'சிஸ்டம் புளூ' என்று நிறம் சொல்லும் பெயர்கள் தனித் தொகுதியாக நிற்கின்றன. இரண்டு கேள்விகளும் கலக்கவில்லை.

எண்களின் வாக்குறுதி

தோற்றப் பெயர்களை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடியில் ஒரு வண்ணத்தொகுதி இருந்தே ஆக வேண்டும், அதற்குத் தோற்றப் பெயர்தான் பொருந்தும். அங்கே எழும் கேள்வி, ஒரே நீலத்தின் பத்துச் சாயல்களை எப்படி வரிசைப்படுத்துவது என்பது. டெயில்விண்ட் என்ற சி.எஸ்.எஸ். கட்டமைப்பு தன் தொடக்கப் பதிப்புகளில் 'லைட்டஸ்ட்', 'லைட்டர்', 'லைட்', பிறகு 'டார்க்', 'டார்க்கர்', 'டார்க்கஸ்ட்' என்று சொற்களால் வரிசைப்படுத்தியது. 'லைட்டஸ்ட்' என்பதைவிட வெளிறிய ஒன்று தேவைப்பட்டால் சொல் தீர்ந்துவிட்டது. 2019இல் வந்த முதலாம் பதிப்பில் 100 முதல் 900 வரை எண்களுக்கு மாறினார்கள். அடுத்த பதிப்பில் 50 சேர்ந்தது, 2023இல் 950 சேர்ந்தது. எந்தப் பழைய எண்ணும் அசையவில்லை. இடைவெளி விட்டு எண்ணியதன் பலன் அது. கூகுளின் மெட்டீரியல் டிசைன் 2014இலேயே 50 முதல் 900 வரையிலான அளவைப் பரப்பியிருந்தது.

ஆனால் எண்கள் எல்லாம் ஒன்றல்ல. டெயில்விண்டில் 'புளூ-600' என்பது வரிசையில் ஓர் இடத்தை மட்டுமே சொல்கிறது. 'எல்லோ-600' மேல் வெள்ளை எழுத்து படிக்கும்படி இருக்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. அமெரிக்க அரசின் வலை வடிவமைப்புத் தொகுதி 2019இல் தன் இரண்டாம் பதிப்பில் இதை மாற்றியது. 0 முதல் 100 வரை தரம் கொடுத்து, எந்த நிறமானாலும் ஒரே தரம் என்றால் ஒரே ஒளிர்வு வரம்பு என்று அமைத்தார்கள். இரு நிறங்களின் தரங்களுக்கு இடையே 50 வேறுபாடு இருந்தால், அணுகல் நெறிகள் கேட்கும் 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாடு உறுதி. 40 இருந்தால் பெரிய எழுத்துக்குப் போதுமான 3க்கு 1 உறுதி. 70 இருந்தால் 7க்கு 1. கழித்தல் தெரிந்தால் போதும், நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். ஐ.பி.எம்.மின் கார்பன் தொகுதியும் மெட்டீரியலின் மூன்றாம் பதிப்பும் இதே வகை வாக்குறுதியைத் தம் எண்களில் வைத்திருக்கின்றன. ராடிக்ஸ் என்ற வண்ணத்தொகுதி வேறு பாதையில் போனது. பன்னிரண்டு படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு வேலை. முதல் இரண்டு பக்கப் பின்னணிக்கு, மூன்று முதல் ஐந்து வரை பட்டன் போன்ற உறுப்புகளின் பின்னணிக்கு, ஆறு முதல் எட்டு வரை கோடுகளுக்கு, ஒன்பதும் பத்தும் திடமான நிரப்புக்கு, கடைசி இரண்டு எழுத்துக்கு.

எண் வைத்தே தீர வேண்டுமென்றால் அமெரிக்க அரசின் வழியே சிறந்தது என்பேன். ராடிக்ஸ் அழகானது. ஆனால் 'புளூ-9' என்பதில் தோற்றமும் பணியும் ஒரே பெயரில் ஒட்டிக்கொள்கின்றன. பழகியவருக்குச் சுகம், புதியவர் ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பணிப் பெயரின் கடினம்

பூட்ஸ்ட்ராப் என்ற வலைக் கட்டமைப்பு 2011 முதல் 'பிரைமரி', 'சக்சஸ்', 'டேஞ்சர்', 'வார்னிங்', 'இன்ஃபோ' ஆகிய சொற்களை உலகம் முழுவதும் கற்றுக்கொடுத்தது. இன்று நம் ஊரில் வலை நிரல் கற்கும் மாணவர் முதலில் சந்திக்கும் பணிப் பெயர்கள் பெரும்பாலும் இவைதான். பச்சை என்று சொல்லாமல் வெற்றி என்று சொல்வது பெரிய முன்னேற்றம். ஆனால் இங்கேதான் நுட்பமான பிழை நுழைகிறது. பச்சையாக இருப்பதெல்லாம் வெற்றி அல்ல.

உணவு வரவழைக்கும் செயலியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் சைவக் குறி இருக்கிறது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதி அதை வரையறுக்கிறது. அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், இது 2020ஆம் ஆண்டு விதிகளில் வட்டத்திலிருந்து மாற்றப்பட்டது. அவசரத்தில் நிரலாளர் சைவக் குறிக்கு 'சக்சஸ்' டோக்கனையும் அசைவக் குறிக்கு 'டேஞ்சர்' டோக்கனையும் பயன்படுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஓரளவு பொருந்தும். அடுத்த ஆண்டு வடிவமைப்பாளர் வெற்றிச் செய்திகளை நீலப்பச்சைக்கு மாற்றுகிறார். அவருக்குத் தெரியாமலே சட்டம் வரையறுத்த ஒரு குறியின் நிறமும் மாறிவிடுகிறது. அந்தக் குறிகளுக்கு 'சைவக் குறி', 'அசைவக் குறி' என்றே தனிப் பெயர் வேண்டும். மதிப்பு இன்றைக்கு 'சக்சஸ்' மதிப்பாகவே இருக்கலாம். மாறுவதற்கான காரணம் வேறு என்றால் பெயரும் வேறாக இருக்க வேண்டும்.

பங்குச் சந்தைச் செயலிகளிலும் இதே கதை. இந்தியாவில் விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. சீனாவில் ஏற்றம் சிவப்பு, இறக்கம் பச்சை. தென் கொரியாவில் ஏற்றம் சிவப்பு, இறக்கம் நீலம். 'சக்சஸ்', 'டேஞ்சர்' என்ற பெயர்களைப் போட்டு எழுதிய செயலியைச் சீனத்துக்குக் கொண்டுபோனால், ஏற்றத்துக்கு 'டேஞ்சர்' என்று எழுத வேண்டிவரும். அல்லது படிவத்தில் பிழை காட்டும் நிறம் பச்சையாகும். 'ஏற்றம்', 'இறக்கம்' என்று முதலிலேயே வைத்திருந்தால் ஒரு நாட்டுக்கு ஒரு கோப்பு போதும்.

'பிரைமரி' என்ற சொல் இன்னும் சிக்கலானது. மெட்டீரியலில் அது செயலியின் முதன்மை நிறம். கார்பனின் 'டெக்ஸ்ட்-பிரைமரி'யில் அது எழுத்தின் முதல் நிலை, நிறம் கறுப்புக்கு அருகில். பட்டன்களில் அது திரையின் முக்கியச் செயல். மூன்றும் ஒரே நிரலில் சந்திக்கும்போது 'பிரைமரி-டெக்ஸ்ட்' என்பது முக்கிய எழுத்தா, முதன்மை நிறத்தில் உள்ள எழுத்தா, முதன்மை நிறப் பின்னணி மேல் வரும் எழுத்தா என்று மூவர் மூன்று விதமாகப் படிப்பார்கள். ஒரு தொகுதிக்குள் இந்தச் சொல்லை ஒரே ஒரு பொருளில் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் வேறு சொல்லைத் தேடுவது நல்லது. பிராண்டுக்கு 'பிராண்ட்', முக்கியத்துவத்துக்கு 'ஸ்ட்ராங்', 'சட்டில்' போன்றவை இருக்கின்றன.

சோடியாகப் பெயரிடுதல்

மேலே சொன்ன மூன்றாவது ஐயத்தை மெட்டீரியல் 2018இல் ஒரு சிறு முன்னொட்டால் தீர்த்தது. 'பிரைமரி' என்பது பின்னணி என்றால், அதன் மேல் வருவது 'ஆன்-பிரைமரி'. 'சர்ஃபேஸ்' என்றால் 'ஆன்-சர்ஃபேஸ்'. 'எரர்' என்றால் 'ஆன்-எரர்'. ஷாட்சிஎன் தொகுதி இதையே 'பிரைமரி', 'பிரைமரி-ஃபோர்கிரவுண்ட்' என்று பின்னொட்டாக வைத்திருக்கிறது. எந்த ஒட்டு என்பது முக்கியமில்லை. ஒளிமாறுபாடு என்பது தனி நிறத்தின் குணமே அல்ல, இரு நிறங்களுக்கு இடையிலான உறவு. 2008இல் வந்த அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு 4.5க்கு 1 என்று கேட்பதும் இரு நிறங்களுக்கு இடையில்தான். உறவைச் சோதிக்க வேண்டுமென்றால் யாருக்கு யார் சோடி என்பது பெயரிலேயே இருக்க வேண்டும். இருந்தால் ஒரு சிறு நிரல் எல்லாச் சோடிகளையும் எல்லாத் தோற்றங்களிலும் நொடியில் சோதித்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு திரையையும் மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும், அதைச் செய்ய எந்தக் குழுவுக்கும் நேரம் இருப்பதில்லை.

கண்பார்வை குறைந்த ஒருவர் வங்கிச் செயலியில் தன் இருப்புத் தொகையைப் படிக்க முடிகிறதா என்பது இந்தப் பெயர்களில் தொங்குகிறது. அதனால்தான் பெயரிடுவதை வெறும் ரசனைப் பிரச்சினையாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எத்தனை அடுக்கு?

இன்று பரவலாக ஏற்கப்படும் அமைப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. மெட்டீரியல் அவற்றை 'ரெஃப்', 'சிஸ்', 'காம்ப்' என்று சுருக்கி அழைக்கிறது. அடியில் வண்ணத்தொகுதி, நடுவில் பணிகள், மேலே பட்டன், பட்டியல் போன்ற தனி உறுப்புகளுக்கானவை. முதல் இரண்டும் இன்றியமையாதவை. மூன்றாவதில் எனக்குத் தயக்கம் உண்டு. முப்பது உறுப்புகள், ஒவ்வொன்றிலும் பின்னணி, எழுத்து, கோடு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள் என்றால் 360 பெயர்கள். அவற்றில் பெரும்பாலானவை நடு அடுக்கின் ஏதோ ஒரு பெயரைத் திரும்பச் சொல்பவை. பல பிராண்டுகளுக்கு ஒரே தொகுதியை விற்கும் நிறுவனத்துக்கு அது தேவைப்படலாம். ஒரே செயலியைப் பராமரிக்கும் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு அது சுமை. எவரும் நினைவில் வைத்திருக்க முடியாத பட்டியலை விட்டுவிட்டு, நிரலாளர்கள் மறுபடி நேரடி நிறத்தை எழுதத் தொடங்குவார்கள்.

பெயரின் உள்ளிலக்கணம்

உறுப்புகளின் வரிசை, பிரிக்கும் குறி, நிலையைச் சொல்லும் சொல் ஆகியவற்றில் எது சரி என்பதைவிட ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பதுதான் பெரிது. நேதன் கர்ட்டிஸ் 2020இல் எழுதிய கட்டுரை இந்த உறுப்புகளை வகைப்படுத்தி, துறையில் பலருக்கும் வழிகாட்டியாக அமைந்தது. அட்லாசியன் தன் பெயர்களை 'கலர், பேக்ரவுண்ட், டேஞ்சர், போல்ட், ஹவர்டு' என்று புள்ளி வைத்து அடுக்குகிறது. பண்பு முதலில், பொருள் பிறகு, அழுத்தம் அதன் பிறகு, நிலை கடைசியில். வரிசை மாறாததால் தெரியாத பெயரையும் ஊகித்துவிடலாம். 'ஹவர்' என்று ஓரிடத்திலும் 'ஹவர்டு' என்று இன்னோரிடத்திலும் வந்தால் அந்த ஊகம் உடையும். 'கிரே' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பதால் சி.எஸ்.எஸ். பட்டியலே ஏழு நிறங்களை இரண்டிரண்டு முறை சுமக்கிறது. ஒரு குழு அந்தச் சலுகையைத் தனக்குக் கொடுத்துக்கொள்ளக் கூடாது.

தளம் மாறும்போது இன்னொரு சிக்கல். வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவில் 2023இல் வந்த மாறிகள் சாய்கோட்டால் பிரிகின்றன, சி.எஸ்.எஸ்.ஸில் இணைப்புக்கோடு, ஆண்ட்ராய்டு வளக் கோப்பில் அடிக்கோடு, ஸ்விஃப்ட்டில் சொற்களை ஒட்டி எழுதும் வடிவம். அமேசானில் உருவான ஸ்டைல் டிக்ஷனரி போன்ற கருவிகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்யும். ஆனால் 'பட்டன்' குழுவுக்குள் 'பிரைமரி-ஹவர்' என்று ஒன்றும், 'பட்டன்' குழுவுக்குள் 'பிரைமரி', அதற்குள் 'ஹவர்' என்று இன்னொன்றும் இருந்தால் இரண்டும் சி.எஸ்.எஸ்.ஸில் ஒரே பெயராகிவிடும். குழுப் பெயருக்குள் பிரிகுறியை அனுமதிக்காமல் இருப்பதே இதற்கு மருந்து. 2019இல் தொடங்கிய டிசைன் டோக்கன்ஸ் சமூகக் குழு, 2025 அக்டோபரில் தன் கோப்பு வடிவத்தின் முதல் நிலைத்த பதிப்பை வெளியிட்டது. பெயருக்குள் புள்ளியோ நெளி அடைப்புக்குறியோ கூடாது என்று அது விதிக்கிறது. எந்தச் சொல்லைத் தேர்வது என்பதில் அது தலையிடவில்லை. அது சரியான முடிவு. ஒரு துறையின் பணிகளை அந்தத் துறையில் இருப்பவர்களே அறிவார்கள்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சி.எஸ்.எஸ். அதற்கு இடம் தருகிறது. எச்சரிக்கை ஒன்று தேவை. 'கோடு' என்ற சொல்லின் ஓகார உயிர்மெய்யை யூனிகோடில் இரு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சி.எஸ்.எஸ். குறிக்குக் குறி ஒப்பிடுவதால் அவை வேறு வேறு பெயர்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் இன்னொருவர் வேறொன்றிலும் தட்டினால், கண்ணால் பிடிக்கவே முடியாத பிழை வரும். கோப்புகளைச் சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஏற்பாடு இருந்தால் தாராளமாகத் தமிழில் வைக்கலாம். 'சைவக் குறி' என்பதற்கு இதைவிடத் தெளிவான பெயர் இல்லை.

பெயர் மாற்றும் காலம்

எவ்வளவு யோசித்து வைத்தாலும் சில பெயர்கள் மாறத்தான் வேண்டும். கார்பன் தொகுதி பல ஆண்டுகள் 'யூஐ-01', 'டெக்ஸ்ட்-01' என்று வைத்திருந்து, 2022இல் பதினோராம் பதிப்பில் 'லேயர்-01', 'டெக்ஸ்ட்-பிரைமரி' என்று மாற்றியது. கிட்ஹப் 2020 டிசம்பரில் இருள் தோற்றத்தை அறிமுகப்படுத்தியதை ஒட்டிப் பணிப் பெயர்களுக்கு வந்தது. அதன் எழுத்து நிற டோக்கன் முதலில் 'கலர்-டெக்ஸ்ட்-பிரைமரி', பிறகு 'கலர்-எஃப்ஜி-டிஃபால்ட்', பிறகு 'எஃப்ஜிகலர்-டிஃபால்ட்'. சில ஆண்டுகளுக்குள் மூன்று பெயர்கள். மதிப்பு ஏறக்குறைய மாறவில்லை, மாறியதெல்லாம் இலக்கணம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஒரு பழைய பெயரை வேறொரு நிறத்துக்குக் கொடுப்பது. டெயில்விண்டின் இரண்டாம் பதிப்பில் வண்ணத்தொகுதியில் 'கூல்கிரே' என்றும் 'கிரே' என்றும் தனித்தனிச் சாம்பல்கள் இருந்தன. 2021 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் 'கூல்கிரே' என்பது 'கிரே' ஆயிற்று, பழைய 'கிரே' என்பது 'ஜிங்க்' ஆயிற்று. பெயர் காணாமல் போனால் ஒரு சோதனைக் கருவியாவது அதைக் கண்டுபிடிக்கும். பெயர் அப்படியே இருந்து பொருள் மாறினால் எந்தக் கருவியும் எச்சரிக்காது. ஓய்வு பெற்ற பெயரை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பதை நான் விதிவிலக்கில்லாத விதியாகவே வைப்பேன்.

மாற்றத்தை ஒழுங்காகச் செய்யும் வழி தெரிந்ததுதான். புதிய பெயரை உண்டாக்கி, பழையதை அதற்கு மாற்றுப்பெயராகச் சில பதிப்புகள் வரை வைத்திருக்க வேண்டும். பழையதை எழுதினால் எச்சரிக்கும் சோதனை விதி வேண்டும், கோப்புகளைத் தானாக மாற்றித் தரும் சிறு நிரலும் வேண்டும். அட்லாசியன் தன் டோக்கன்களுக்கு இந்தச் சோதனை விதிகளையும் சேர்த்தே வெளியிடுகிறது. பட்டியலில் இல்லாத பெயரையும் நேரடி நிற மதிப்பையும் அதே சோதனை நிறுத்திவிடலாம். சி.எஸ்.எஸ். காட்டாத பிழையைக் காட்டும் ஒரே காவல் அதுதான். இதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் குழுக்களில் பெயர் விதி ஆவணத்தில் மட்டும் வாழ்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நிறங்களைத் தேர்வதற்கு முன்பு, உங்கள் திரைகளில் உள்ள பணிகளைத் தாளில் எழுதுங்கள். பக்கப் பின்னணி, அட்டைப் பின்னணி, முக்கிய எழுத்து, துணை எழுத்து, கோடு, செயல், பிழை, உங்கள் துறைக்கே உரிய சில. ஒவ்வொரு பின்னணிக்கும் அதன் மேல் வரும் எழுத்தைச் சோடியாக எழுதுங்கள். இருபது, முப்பது பெயர்களுக்கு மேல் வராது. அதை ஒரே கோப்பில் வைத்து, முதல் நாளிலேயே சோதனை விதியைப் பூட்டுங்கள். நிறங்களை அதற்குப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.